முகவரியை மாற்றினேன், நெல் பழைய இடத்துக்கே போனது

காலபோக அறுவடை முடிந்து கிளிநொச்சிப் பக்கம் வீதியோரமெல்லாம் நெல் காயும் நாட்கள். ஒரு கொள்வனவு நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். தராசில் மூட்டை ஏறியதும் எடை இணையச் சேவைக்குப் போய்ச் சேரும். பரீட்சார்த்த வழங்கியிலிருந்து (சேர்வர்) உண்மையான வழங்கிக்கு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகவரியை மாற்ற ஒரு பொத்தானும் வைத்தேன். அழுத்தினோம், திரையில் புதிய முகவரி தெரிந்தது. மாலை பார்த்தால் அன்று போட்ட அத்தனை எடையும் பரீட்சார்த்த வழங்கியிலேயே கிடந்தது.

தவறு என்னுடையதுதான். இணையச் சேவைகளுடன் பேச நான் பயன்படுத்தியது டபிள்யூ.சி.எஃப் என்ற மைக்ரோசொஃப்ட் கருவித்தொகுதி. அதன் கிளையன்டில், அதாவது சேவையை அழைக்கும் பகுதியில், முகவரியைச் சேனல் என்ற இணைப்புப் பாதை திறப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும். காலையில் சோதனைக்காக ஒரு தடவை சேவையை அழைத்திருந்தேன். அப்போதே அது திறந்துவிட்டது. பிறகு மாற்றியது அமைப்பில் பதிந்தது, இணைப்போ பழைய வழியிலேயே ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மைக்ரோசொஃப்டின் டொட்நெட் தளத்தில் உள்ள இன்னொரு கருவியான எச்டிடிபி கிளையன்ட் இதில் நேர்மையானது: முதல் கோரிக்கை போன பின் அடிப்படை முகவரியில் கைவைத்தால் உடனே பிழை காட்டி நின்றுவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மாற்ற முயலாமல், புதிய முகவரியுடன் புதிய கிளையன்டை உருவாக்குங்கள்.

அடுத்தது சாய்கோடு. அடிப்படை முகவரி "/சேவை" என்று முடிய, அதனுடன் "எடை" என்று சேர்த்தால் கோரிக்கை "/எடை"க்குப் போகும், சேவை காணாமற்போய்விடும். "/சேவை/" என்று முடித்தால்தான் "/சேவை/எடை" கிடைக்கும். 2005இல் வந்த ஆர்.எஃப்.சி 3986 என்ற இணைய முகவரித் தரநிலை சொல்லும் விதி இது.

பழைய வழங்கியின் பெயரைக் கோப்பு முழுவதும் தேடி மாற்றும் அவசரக்காரர்களும் உண்டு. சேவைக்குப் போகும் செய்தி சோப் என்ற வடிவில் இருக்கும்; அதில் சொற்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் நேம்ஸ்பேஸ், முகவரி போலத் தெரியும். ஆனால் வெறும் பெயர். மாங்குளத்தார் கடை பரந்தனுக்கு இடம்பெயர்ந்தாலும் மாங்குளத்தார் கடைதானே? நேம்ஸ்பேஸை மாற்றினால் வழங்கிக்குச் செய்தியே புரியாது.

டபிள்யூ.சி.எஃப்பில் எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகிறவர்கள், எப்படி இணைவது என்று சொல்லும் பைண்டிங்கின் பாதுகாப்பு முறையையும் மாற்ற வேண்டும். முகவரி மட்டும் போதாது.

நான் இப்போது திரையை நம்புவதில்லை. வழங்கியே தன் பெயரைப் பதிலில் சொல்லும்படி வைத்திருக்கிறேன்; தராசடியில் நிற்கும் தம்பி அதை வாசித்த பிறகே முதல் மூட்டையை ஏற்றுகிறார்.