கார் உள்ளே ஈரம்: வாடையை விரட்டும்முன் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்

கார்க் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால், பலர் முதலில் வாங்குவது வாசனைப் புட்டி. அடுத்து, அலமாரிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா. இரண்டும் வேண்டாம். ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்று மூக்கு சொல்வதை வாசனை மறைத்துவிடும். டப்பாவில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் குளோரைடு. அதில் சேர்ந்த உப்புநீர் வளைவில் கவிழ்ந்தால் இருக்கைக்கு அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும்.

"சிங்கப்பூர்ப் பருவநிலை அப்படித்தான்" என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் என்பது உண்மைதான். நெடுநாள் ஓட்டாத காரில், இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் வெள்ளைப் பூஞ்சை படர அதுவே போதும். ஆனால் மிதியடியைத் தூக்கி கார்பெட்டை அழுத்தும்போது தண்ணீர் கசிந்தால், அது காற்றில் வந்த ஈரம் அல்ல.

நனைந்த இடத்திலேயே ஓட்டையைத் தேடாதீர்கள். தகட்டு மடிப்பிலும் வயர்க்கட்டிலும் ஓடி, தாழ்வான இடத்தில்தான் தண்ணீர் தேங்கும். பின்னிருக்கைக் காலடி ஈரத்துக்குக் காரணம் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கலாம். ஆகவே 'எங்கே' என்பதற்குமுன் 'எப்போது' என்று கேளுங்கள். மழையில்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டியபின் முன்தரை நனைகிறதா? ஏசி வடிகுழாய் அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அது உள்ளே போகிறதா என்று பாருங்கள். திறந்தவெளியில் நிறுத்தி மழை பெய்தபின் நனைகிறதா? சன்ரூஃப் மூலைகளிலுள்ள வடிகுழாய்களையும் வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்தையும் பாருங்கள். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் சிற்றிலைகள் இவற்றை அடைக்கப் போதுமானவை. மழையில் ஓட்டும்போது மட்டும் என்றால், கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாள் பெயர்ந்திருக்கலாம். பின்பக்கச் சாமான் அறைக்குள் (boot) நீர் நின்றால் பின்விளக்கு ரப்பரைச் சோதியுங்கள். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழை நீட்டித்த, பத்து வயது தாண்டிய கார்களில் இந்த ரப்பர்கள் இறுகியிருக்கும். இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பும் படிந்தால் அது மழைநீர் அல்ல, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட். நேரே வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

சோதிக்கும்போது அழுத்தக் குழாயால் கார் முழுவதும் பீய்ச்சினால் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் புகும், எதுவும் தெளியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். உலர்ந்த டிஷ்யூத் தாளை விளிம்புகளில் ஒட்டி, மெல்லிய நீரைக் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் சில நிமிடம் விடுங்கள். சன்ரூஃப் குழாய்க்குள் பலத்த காற்றடித்தால் உள்ளே இணைப்பு கழன்றுவிடும். மெல்லிய நைலான் நரம்பை நுழைத்துப் பாருங்கள். வழி தெரியும்முன் சிலிகான் பூசவே கூடாது. வடியவேண்டிய துளையையும் அது அடைத்துவிடும்.

காயவைப்பதில் பலர் ஏமாறுவது கார்பெட்டின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துத்தான். அதன் அடியிலுள்ள தடித்த நுரைப்பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்திருக்கும். அங்கேயே வயர் இணைப்புகளும் அரிக்கும். கார்பெட்டைத் தூக்கி, மின்விசிறி வைத்துத்தான் உலர்த்த வேண்டும். பூஞ்சை பிடித்த பஞ்சை மாற்றிவிடுங்கள். இருக்கையைக் கழற்றும்போது மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாதீர்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை, மெக்கானிக்கிடம் விடுங்கள். இரவில் கண்ணாடியை இறக்கிவைப்பதும் உதவாது: அப்போதுதான் வெளிக்காற்றில் ஈரம் மிக அதிகம். ஏசி போட்டு ஓட்டினால் உள்காற்று உலரும். அதற்காக நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். இங்கே அது குற்றம்.

பூஞ்சையைத் துடைப்பது கடைசி வேலை. என்95 முகக்கவசம் அணிந்து, கதவுகளைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அதுவரை அந்தக் காரில் ஏற்றவேண்டாம்.