யார் அளவுகோலில் பாஸாகப் போகிறீர்கள்?

கல்யாணப் பந்தியில் இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடுவார், "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" நான் மூன்று முறை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதியவன். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301, விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர், அதாவது ஒரு இடத்துக்கு முந்நூறு பேர். அந்த முந்நூறில் 299 பேரும் உருப்படாதவர்கள் என்று ஒரு கணக்கு சொன்னால், கணக்கில்தான் கோளாறு. இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆனது. இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே தேர்வுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களின் போட்டோவை நான்தான் ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிறேன்.

சரி, வாழ்க்கையில் உருப்பட்டோமா என்ற கணக்கை நீங்களே போடுவது எப்படி? முதலில் வீட்டு மொய் நோட்டை எடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்களைப் பற்றிக் கருத்து சொல்லும் உரிமை உள்ளதாக நீங்கள் நினைக்கும் எல்லோரும் பெரும்பாலும் அதில் இருப்பார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, "எனக்கு ஒண்ணுன்னா ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வருவாரா?" என்று மட்டும் கேட்டு டிக் அடியுங்கள். எங்கள் நோட்டில் இருநூற்றுச் சொச்சம் பெயர், டிக் விழுந்தது ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று குத்திக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களுக்கு மரியாதை கொடுங்கள், மார்க் போடும் பேனாவைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, "போதும்" என்பதற்கு ஒரு தொகை. இதைத் தாளில் எழுதாமல் மனதுக்குள் போட்டால் வராது, ஏனென்றால் மனசு எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்தையே போட்டுவிடும். வாடகை 6,000, மளிகையும் பாலும் 7,500, கேஸ் கரண்ட் போன் 2,500, பையன் பள்ளிக்கூடம் 2,500, சீட்டு 3,000, அம்மா மாத்திரை 1,800, பெட்ரோல் 2,000. மொய்யை மறந்துவிடாதீர்கள், எனக்கு வருஷத்துக்கு 18,000 ஆகிறது, மாதத்துக்கு 1,500. ஆத்திர அவசரத்துக்கு 3,200. மொத்தம் 30,000. இந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் முதலில் சம்பாதிக்கிற வழியைப் பாருங்கள், அர்த்தம் தேடுவதெல்லாம் அப்புறம். வயிறு காயும்போது "மனசுக்குப் பிடிச்சதைச் செய்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத பேச்சு. தொகையைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் என்னத்தை விற்கிறோம் என்று பார்க்க வேண்டும். தூக்கமா, பிள்ளையோடு இருக்கும் சாயங்காலமா?

மூன்றாவது, ஒரு வாரம் மட்டும், போனை மறந்து எதில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று ராத்திரி ஒரு வரி எழுதுங்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வந்தது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் என்பதால், முந்தின நாள் சாயங்காலம் மனு எழுத ஆட்கள் வருவார்கள். ஒரு பாட்டி மஞ்சப்பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன பட்டாவை எடுத்து வைப்பார். அதில் சர்வே நம்பரைத் தேடி, அவர் அழுதுகொண்டே சொன்னதை ஒரு பக்கத்தில் அதிகாரிக்குப் புரிகிற மாதிரி அடித்து, வாசித்துக் காட்டியதும் "ஆமா, இதான்யா நான் சொன்னது" என்பார். ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். ஜெராக்ஸில் இதைவிட லாபம் உண்டு, ஆனால் அது எனக்கு நினைவில் நிற்பதில்லை.

அப்படி மனசு ஒட்டுகிற வேலையைக் கண்டுபிடித்ததும், இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் செய்து பாருங்கள், சலித்துப்போனால் அதையும் எழுதி வையுங்கள்.

வீட்டில் பேசுவதுதான் கஷ்டம். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது, நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. அம்மாவிடம் தத்துவம் பேசி நான் ஜெயித்ததே இல்லை. அந்த 30,000 கணக்கைக் காட்டினேன், மாத்திரைக் காசு தனியாக எழுதியிருந்ததைப் பார்த்து, "சரி, மொய்க்கு இன்னும் கொஞ்சம் சேத்து வை" என்றாள். அவ்வளவுதான்.

போன முகூர்த்தத்தில் பக்கத்து இலையிலிருந்து அதே கேள்வி வந்தது. "மனு எழுதறேன்" என்றேன். "ஓ, வக்கீலா?" என்றார். இல்லை என்று சொல்வதற்குள் ரசம் வந்துவிட்டது.