பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா கார்? எந்தச் சக்கரம், எதனால் என்று பார்க்கும் முறை

போன கோடையில் திருமங்கலம் போய்விட்டு மதுரை திரும்பும்போது, சிக்னலில் நின்றதும் ஒரு தீய்ந்த வாடை. பக்கத்தில் நின்ற லாரியில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால், இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. பட்டறையில் காட்டினேன். "பேடு போச்சுண்ணே" என்று புதுசு மாட்டினார்கள். இரண்டே மாதம், திரும்பவும் அதே வாடை. பேடு என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை, அழுத்திப் பிடிக்கும் கட்டை. அது தேய்ந்தது உண்மைதான். ஆனால் அதை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது எது என்று யாரும் பார்க்கவில்லை.

ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கொடுக்கக் கட்டை, வீல் ஸ்பானர், சின்ன ரிங் ஸ்பானர் ஒன்று. இவை இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில், உட்கார்ந்த இடத்திலேயே

ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா? தரை மிதியடி சுருண்டு பிரேக் பெடலுக்கு அடியிலோ மேலேயோ சிக்கியிருக்கிறதா? காலை எடுத்த பிறகும் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா? சிரிக்காதீர்கள், சில சமயம் கதை இங்கேயே முடிந்துவிடும்.

எந்தச் சக்கரம்?

ஊருக்குள் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. கோரிப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் முப்பது தடவை பிரேக் மிதித்திருப்போம், நான்கு சக்கரமும் சுடும். விடியற்காலையில் ரிங் ரோட்டுக்குப் போங்கள். பிரேக்கை முடிந்தவரை தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியில் சமதளமாக, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, ஆக்சிலேட்டரை விட்டு, தானாகவே வேகம் குறைய விட்டு ஓரமாக நிறுத்துங்கள்.

இப்போது புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கொண்டுபோங்கள். தொட வேண்டாம், டிஸ்க் தோலை உரித்துவிடும். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றுச் சூடாக இருப்பது வழக்கம்தான். அதனால் இடது முன்னை வலது முன்னோடும், இடது பின்னை வலது பின்னோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். சித்திரை வெயிலில் மதியம் இந்தச் சோதனையைச் செய்தால் வெயில் பட்ட பக்கம்தான் குற்றவாளியாகத் தெரியும். கொடைக்கானலிலிருந்தோ சிறுமலையிலிருந்தோ இறங்கிய கையோடும் செய்யக் கூடாது.

தூக்கிச் சுற்றிப் பார்ப்பது

சமமான, கெட்டியான தரை வேண்டும். சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். முன் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். பின் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக்கை இறக்கி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் முட்டு வேண்டவே வேண்டாம், பாரம் ஏறினால் நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். 'ஸ்ஸ்' என்று லேசாக உரசினால் பயப்பட வேண்டாம். டிஸ்க் பிரேக்கில் பேடு வெகுதூரம் விலகாது. பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் நிமிரும்போது மயிரிழை அளவுக்குத்தான் பின்வாங்கும். முன் சக்கரத்தில் ஆக்சில் கனமும் சேர்ந்து வரும். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தால்தான் கோளாறு.

ஒரு சூட்சுமம்: வண்டி ஆறியதும் சக்கரம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சுற்றும். எஞ்சினை ஓடவிட்டு ஒருவரைப் பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி மிதிக்கச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு, உடனே சுற்றிப் பாருங்கள்.

நிப்பிள் சோதனை

இதைத்தான் அந்தப் பட்டறையில் செய்யாமல் விட்டார்கள். சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிபரின் மேல்பக்கம் ரப்பர் மூடி போட்ட சின்ன நிப்பிள் (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) தெரியும். டிஸ்க் இறுகியிருக்கும்போதே, யாரும் பெடலை மிதிக்காத நிலையில், ரிங் ஸ்பானரால் அதை அரைச் சுற்று திறங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூடான ஆயில் தெறிக்கலாம். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துருப்பிடித்துத் திரும்பாவிட்டால் முரட்டுத்தனம் காட்ட வேண்டாம், முறிந்தால் செலவு கூடும்.

ஆயில் பீய்ச்சி வந்து டிஸ்க் உடனே தளர்ந்ததா? அப்படியானால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். கால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. என் காரில் இருந்தது இதுதான். பல சக்கரங்களில் ஒன்றாக இப்படி நடந்தால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கமோ பெடல் பக்கமோ கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் தளரவில்லையா? அப்போது கேலிபரே இறுகியிருக்கிறது. கேலிபர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உள்பேடும் வெளிப்பேடும் வெவ்வேறு கனத்தில் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடு பின்னைப் பாருங்கள். அதற்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். ஸ்லைடு பின் சரியென்றால் பிஸ்டனில் துரு.

ஆயில் வழியும்போதே நிப்பிளை மூடிவிடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்துவிட்டது, பிளீடிங் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், வண்டியை எடுக்காதீர்கள்.

பின் சக்கரம் டிரம் என்றால்

ஹேண்ட்பிரேக் கேபிளின் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கேபிள்தான். ஐப்பசி மழையில் ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் பிரேக் கட்டை (ஷூ) சட்டி மாதிரி இருக்கும் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நான் இப்போதெல்லாம் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிடுகிறேன்.

ஹோஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயதுதான். பிரேக் ஆயில் டாட் 3 ரகமா, டாட் 4 ரகமா என்று காரில் உள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. திறந்து கிடந்த பழைய பாட்டிலை ஊற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் மறுநாள் காலை அதே ரிங் ரோடு, அதே பத்து கிலோமீட்டர். இரண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி சுட்டால் சரி.