தமிழில் எழுதுபவர் கீபோர்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைகளில் கீபோர்ட் காட்டும்போது முதலில் காட்டுவது வண்ண விளக்கைத்தான். தமிழில் நிறைய எழுதுபவருக்கு விளக்கால் பயனில்லை. எந்த விசை எங்கே இருக்கிறது, விரலுக்கு எப்படி இருக்கிறது, திருகோணமலையின் கடற்காற்றை எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் முக்கியம். முதல் தடவை வாங்குபவர்களுக்காக ஒழுங்குபடி சொல்கிறேன்.

படி 1: உங்கள் தட்டச்சு முறை எது?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இங்கே கந்தோர்களிலும் அச்சகங்களிலும் போட்டோகொப்பிக் கடைகளிலும் பாமினி என்ற எழுத்துருவின் விசை அமைப்பைப் பழகியவர்கள் அதிகம். இளையவர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கிறார்கள். ரெங்கநாதன், தமிழ்99 என்ற வேறு விசை அமைப்புகளைப் பழகியவர்களும் உண்டு.

ஒலிப்படி அடிப்பவருக்கு 26 ஆங்கில எழுத்து விசைகளே அநேகமாகப் போதும். பாமினிக்கு அது போதாது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி, அரைப்புள்ளி (;) விசையில் இருக்கிறது. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியாக அரைப்புள்ளி. தமிழில் புள்ளி வராத வரி ஏது? வலது சுண்டுவிரல் நாள் முழுக்க அந்த ஒரு விசையைத்தான் அடிக்கும். ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ஷ பின்சாய்கோட்டு (\) விசையில். ஹ, எண் 1க்கு இடப்பக்கம் இருக்கும் விசையில். தமிழ்99இலும் ச, ந, ய, ழ போன்றவை குறியீட்டு விசைகளில்தான் உள்ளன.

தமிழ் எழுத்து அச்சடித்த கீபோர்ட்டைத் தேடி அலைய வேண்டாம். எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே கீபோர்ட் அனுப்பும். அது எந்த எழுத்தாக வர வேண்டும் என்பதைக் கணினியில் உள்ள மென்பொருளோ எழுத்துருவோதான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து தமிழ்99, ஒலிப்படி அடிப்பதற்கான அஞ்சல் இரண்டும் கூடவே வருகின்றன. பழகும் வரை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் சரி.

படி 2: அளவு

முழு அளவுக் கீபோர்ட்டில் சுமார் 104 விசைகள். வலப்பக்க எண் பகுதி இல்லாதது சுமார் 87. கணக்கு வழக்கு பார்ப்பவர் முழு அளவை எடுக்கட்டும், மற்றவர்களுக்கு 87 தாராளம்.

60 சதவீதம் என்று விற்கப்படும் குட்டிக் கீபோர்ட்டில் மட்டும் கவனம். அதில் 1க்கு இடப்பக்கம் பெரும்பாலும் எஸ்கேப் விசை இருக்கும். பாமினியில் ஹோட்டல், ஹாஜியார், ஹர்த்தால் என்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டிவரும். பாமினிக்காரர்கள் அதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது?

மலிவானவை மெம்பிரேன் வகை. விசைக்குக் கீழே ரப்பர் குமிழும் அதன் கீழே மெல்லிய தாளும் இருக்கும். சத்தம் குறைவு. ஆனால் ரப்பர் தளர்ந்தால் முழுக் கீபோர்ட்டையும்தான் மாற்ற வேண்டும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். வழக்கமான சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி தூரத்திலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்தத் தேவையில்லாததால் விரல் களைப்பது குறைவு. நீல சுவிட்ச் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும், பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு ஒத்துவராது. பிரவுண் அழுத்தும்போது ஒரு சின்னத் தடை தெரியும். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். தட்டச்சுக்கு நான் பிரவுணைத்தான் சொல்வேன்.

சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது எடுங்கள். ஒரு விசை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

படி 4: கடையில் சோதிப்பது

பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். கொம்பியூட்டரில் செருகித் தரச் சொல்லுங்கள். விண்டோஸில் திரை விசைப்பலகையைத் திறந்து ஒவ்வொரு விசையாக அழுத்தினால் திரையிலும் அதே விசை ஒளிரும். ஸ்பேஸ் பாரை நடுவில் மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தனித்தனியே அழுத்துங்கள். ஓரத்தில் சிக்கினாலோ சரிந்து இறங்கினாலோ அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் அரைப்புள்ளி விசையைச் சுண்டுவிரலால் வேகமாகப் பல தடவை அடித்துப் பாருங்கள். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி நாலைந்து எழுத்துகளும் அடியுங்கள்.

கொழும்பிலிருந்து எடுப்பிப்பவர்கள், பழுதென்றால் மாற்றித் தருவார்களா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வயரா, வயர்லெஸ்ஸா?

ஒரே மேசையில் வேலை என்றால் வயர். லப்டொப்போடு இடம் மாறுபவருக்கு வயர்லெஸ்.

படி 6: உப்பும் மணலும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் இரும்பு ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான் யூஎஸ்பி முனையிலும் படுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசியும் மணலும் விசைகளுக்கு இடையே இறங்கும். அதனால் விசை மூடிகள் சுலபமாகக் கழன்று வருகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். வேலை முடிந்ததும் கீபோர்ட்டைத் துணியால் மூடிவையுங்கள். மாதம் ஒரு தடவை கழற்றி, கவிழ்த்துத் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். யூஎஸ்பி முனையில் பச்சைப் படிவு தெரிந்தால், ஐசோப்ரோபைல் அல்கஹோலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி செருகுங்கள்.