பிரேக் போட்டால் கேரவன் காரை முட்டியது: சரிசெய்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலை வழியாகக் காருக்குப் பின்னால் கேரவனை (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) மாட்டி, வான் ரீனன் கணவாய் ஏறி இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் 'டங்' என்று பின்னாலிருந்து ஓர் இடி. ஓவர்ரன் பிரேக் (கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக்) உள்ள வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: கேரவனின் முன்முனையில் உள்ளே வெளியே நகரும் இணைப்புத் தண்டின் டாம்பர் (அதிர்வு தாங்கி) செத்திருக்கும், அல்லது பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்.

டாம்பரை முதலில் பாருங்கள். கேரவனின் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தண்டை உள்ளே தள்ளினால் கடினமாகப் போய், மெதுவாகத் தானே வெளியே வர வேண்டும். வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எனக்கு ஷூவில்தான் கோளாறு. சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தண்டை முழுதும் வெளியே இழுத்து வைத்தேன். சக்கரத்தை முன்னோக்கி மட்டுமே சுற்றியபடி, அது பிடிக்கும்வரை ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் திருகி, தடையின்றிச் சுற்றும்வரை தளர்த்தினேன். அதன்பிறகே பிரேக் கேபிளின் தொய்வை எடுத்தேன். பலர் கேபிளை மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஷூ எப்போதும் உரசி டிரம் கொதிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

டோபாரில் (காரின் பின்புற இழுவைக் கம்பி) கேரவனை மாட்டும் பந்தின் விட்டம் 50 மி.மீ.; 49-க்குக் கீழே தேய்ந்தால் மாற்றுங்கள். மூக்கு எடை, அதாவது கேரவனின் முன்முனை பந்தின்மேல் அழுத்தும் எடை, சாமான் ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம். 1200 கிலோ வண்டிக்கு 60–84 கிலோ. டோபார் தகட்டில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுவே வரம்பு. கேரவன் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் போடும் பிரேக்அவே கேபிளைப் பந்தின் கழுத்தில் சும்மா மாட்டாமல் டோபாரில் உள்ள வளையத்தில் கோர்த்து, முழு வளைவிலும் இழுபடாத நீளம் விடுங்கள்.

இறக்கத்தில் கீழ் கியர். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதியுங்கள்.