ஆட்டோமேட்டிக் வாங்கும் முன் மேம்பாலத்தில் ஒரு சோதனை

விலை குறைந்த ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.எம்.டி., அதாவது தானாக கியர் மாற்றும் மேனுவல். மேனுவலில் உள்ள அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச்தான். கைக்கும் காலுக்கும் பதில் ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி அவற்றை இயக்குகிறது. டெஸ்ட் டிரைவில், பின்னால் வண்டி இல்லாதபோது, மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி பிரேக்கை விட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக்கைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் சுமார் 2 விநாடி நிற்கும். இல்லையென்றால் பின்னால் உருளும்.

ஏற்றத்து சிக்னலில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைத் தாங்கி நிற்கவே கூடாது. கிளட்ச் தட்டு வழுக்கிச் சூடாகும், கருகிய வாடை வரும், சீக்கிரம் தேயும். பிரேக்கை மிதித்தே நில்லுங்கள்.

தினமும் நெரிசலா? விலை கூடினாலும் வேறு வகை ஆட்டோமேட்டிக்குகளான, எண்ணெய் வழி விசை கடத்தும் டார்க் கன்வர்ட்டரோ பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி.யோ பாருங்கள். நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் மேனுவல் தாராளமாகப் போதும். மலை இறக்கத்தில் மட்டும், எந்த ஆட்டோமேட்டிக்கானாலும், 'டி'யில் (வழக்கமான டிரைவ் நிலை) விட்டுவிடாமல் தாழ்ந்த கியரில் இறக்குங்கள், பிரேக் அதிகம் சூடேறாது.