500 லிட்டர் மாங்கூழைச் சூடாக்க எவ்வளவு ஸ்டீம், எவ்வளவு விறகு?

பெங்களூரா மாங்காய் வரத்து சூடுபிடித்துவிட்டால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் யூனிட்டுகளில் பாய்லர் அணையாது. ஒரு கெட்டில் (ஸ்டீமால் சூடாகும் இரட்டைச் சுவர்ப் பாத்திரம்) கூழை 90 டிகிரிக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்குதான்:

வெப்பம் = எடை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை உயர்வு

எடை கிலோவில், உயர்வு செல்சியஸில், தன் வெப்ப ஏற்புத்திறன் கிலோ ஜூலில் (ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் அளவு). விடை கிலோ ஜூலில் வரும். சூத்திரத்தில் யாரும் தவறுவதில்லை. அதில் போடும் எண்களில்தான் தவறுகிறார்கள்.

முதலில் எடை. கெட்டிலில் 500 லிட்டர் கோடு வரை கூழ் இருந்தால் அது 500 கிலோ அல்ல. 15 பிரிக்ஸ் கூழ் (நூறு கிலோவில் சர்க்கரை முதலான கரைந்த பொருள் 15 கிலோ) லிட்டருக்குச் சுமார் 1.06 கிலோ நிற்கும். ஆக 530 கிலோ. சந்தேகமாக இருந்தால் ஒரு லிட்டர் அளந்து தராசில் வையுங்கள். நுரை இருந்தால் அடங்கட்டும், இல்லையென்றால் எடை குறைத்துக் காட்டும்.

அடுத்தது தன் வெப்ப ஏற்புத்திறன். தண்ணீருக்கு 4.186. பலர் எல்லாத் திரவத்துக்கும் இதையே போட்டுவிடுகிறார்கள். பாலுக்கு 3.9 அளவில் வருவதால் பெரிய பாதகமில்லை. மாங்கூழுக்குப் போட்டால் விடை 15 சதவீதம் கூடிவிடும். கூழில் தண்ணீர் எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் இந்த எண். சீபெல் சூத்திரம் இதற்குப் போதுமானது:

தன் வெப்ப ஏற்புத்திறன் = (3.35 × தண்ணீர்ப் பங்கு) + 0.84

தண்ணீர்ப் பங்கை ரிஃப்ராக்டோமீட்டர் (பிரிக்ஸ் அளக்கும் கருவி) மூலம் எடுக்கலாம். ஆனால் அது கரைந்ததை மட்டுமே காட்டும், நாரைக் காட்டாது. 15 பிரிக்ஸ் என்றால் மொத்தத் திடப்பொருள் 16 சதவீதம் என்று ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் 0.84, தன் வெப்ப ஏற்புத்திறன் 3.65. இதே வழியில், பாலக்கோடு தக்காளியை அரைத்த சாற்றில் தண்ணீர் 94 சதவீதம் என்றால் 3.99 வரும், கிட்டத்தட்ட தண்ணீர்தான்.

கூழ் 28 டிகிரியில் இருக்கிறது, 90 வேண்டும். உயர்வு 62.

530 × 3.65 × 62 = சுமார் 1,20,000 கிலோ ஜூல்

இது கூழுக்கு மட்டும். கெட்டிலும் சூடாக வேண்டுமே? 200 கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் 0.5. வெளி ஜாக்கெட் (கெட்டிலைச் சுற்றி ஸ்டீம் நிற்கும் உறை) ஸ்டீமின் சூட்டுக்கே போய்விடும் என்பதால் சராசரி உயர்வை 80 என்று வைத்தால் 8,000. காலையில் முதல் பேட்ச்சுக்கு மட்டும் இதைச் சேருங்கள். அடுத்த பேட்ச் வரும்போது கெட்டில் சூடாகவே இருக்கும். மொத்தம் 1,28,000.

இனி ஸ்டீம். கேஜில் 2 கிலோ அழுத்தம் காட்டும் ஸ்டீம் ஒரு கிலோ தண்ணீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம் சுமார் 2,160 கிலோ ஜூல். வகுத்தால் 59 கிலோ. பைப்பிலும் மூடாத வாயிலும் போகும் சூட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 65 கிலோ என்று வையுங்கள். அரை மணியில் முடிய வேண்டுமானால் மணிக்கு 130 கிலோ ஸ்டீம் அந்த ஒரு கெட்டிலுக்கே ஓட வேண்டும். பாய்லர் மொத்தமே மணிக்கு 200 கிலோ என்றால், இரண்டு கெட்டிலை ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் விழத்தான் செய்யும்.

விறகுக்கு: 28 டிகிரித் தண்ணீரிலிருந்து அந்த ஸ்டீம் ஒரு கிலோ உண்டாக்க 2,610 கிலோ ஜூல் தேவை. 65 கிலோவுக்கு 1,70,000 ஆகிறது. சின்ன விறகு பாய்லர் 60 சதவீதம்தான் பிடித்துக்கொள்ளும் என்று எடுத்தால் அடுப்பில் 2,83,000 எரிய வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 15,000 கிலோ ஜூல் கொடுக்கும். 19 கிலோ போதும். ஈர விறகு 10,000 கொடுத்தாலே அதிகம். 28 கிலோவுக்குக் குறையாது, புகை வேறு. விறகு வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கணக்கில் அரை மணி வந்து கெட்டிலில் முக்கால் மணி ஆகிறதா? கூழை விட்டுவிட்டு அதே கெட்டிலில் 500 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 28-லிருந்து 78-க்கு ஏற 500 × 4.186 × 50 = 1,04,650. அது ஏற எடுத்த நேரத்தால் வகுத்தால் ஜாக்கெட் உண்மையில் எவ்வளவு வேகத்தில் சூட்டைக் கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். தண்ணீருக்கே மந்தம் என்றால் ஸ்டீம் ட்ராப்பைப் (ஸ்டீமை நிறுத்தி, தண்ணீரை மட்டும் ஜாக்கெட்டிலிருந்து வெளியே விடும் வால்வு) பாருங்கள்: அது அடைத்துக்கொண்டால் ஜாக்கெட்டின் அடிப்பாதியில் கன்டன்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர்) தேங்கி, அந்தப் பரப்பு முழுதும் வேலை செய்யாது. காற்றை வெளியேற்றாமல் ஸ்டீம் விட்டாலும் இதே கதை. தண்ணீர் சரியாக ஏறி, கூழ் மட்டும் இழுக்கிறது என்றால் குற்றம் கிளறலில். கூழ் தானாகச் சுழலாது. சுவரை ஒட்டிய படலம் கருகி, கருகியதே சூட்டைத் தடுக்கும். சுரண்டும் துடுப்பு சுவரைத் தொடுகிறதா பாருங்கள். தெர்மாமீட்டரையும் ஓரத்தில் விடாமல் நடுவில், பாதி ஆழத்தில் பிடியுங்கள்.

சிலர் அவசரத்துக்கு ஸ்டீமை நேராகக் கூழுக்குள்ளேயே விடுகிறார்கள். வேகமாக ஏறும், ஆனால் 51 கிலோ தண்ணீரும் உள்ளே போகும், 15 பிரிக்ஸ் 13.7 ஆக இறங்கும். அந்தச் சரக்கை யார் எடுப்பார்கள்?

கூழைக் கெட்டிப்படுத்துவதற்கு இந்தச் சூத்திரத்தை நம்பக் கூடாது. 530 கிலோவை 15-லிருந்து 28 பிரிக்ஸுக்குக் கொண்டுபோனால் 284 கிலோ எஞ்சும், 246 கிலோ ஆவியாக வேண்டும். கிலோவுக்குச் சுமார் 2,300 என்றால் 5,66,000 கிலோ ஜூல். சூடாக்கியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல், ஒரு டிகிரிகூட ஏறாமல்.

டின்னில் அடைத்த பிறகு குளிரவைக்கவும் அதே சூத்திரம்தான். 90-லிருந்து 40-க்கு இறக்க 530 × 3.65 × 50 = 96,700 வெளியேற வேண்டும். 28 டிகிரித் தண்ணீர் 38 ஆகி வெளியே போகிறது என்றால் ஒரு லிட்டர் 41.9 கிலோ ஜூல் சுமக்கும். ஒரு பேட்ச்சுக்கு 2,300 லிட்டர். வெயில் காலத்தில் மேல்தொட்டித் தண்ணீர் 33 டிகிரியில் வந்தால் அந்த அளவு இரட்டிப்பாகும், போர் தண்ணீரை நேராக விடுவது லாபம்.